மஸ்டரில் பெயர் இருக்கிறதா?

2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஓம் சக்தி பட்டாசு ஆலை வெடித்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு அறிவித்த நிவாரணம் 2 லட்சம் ரூபாய். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த விபத்துக்கு 3 லட்சம். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலுமாக ஒரே நாளில் 14 பேர் இறந்தபோதும் அதே 3 லட்சம். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி: 4 லட்சம்.

பதின்மூன்று ஆண்டில் தொகை இரட்டிப்பாகியிருக்கிறது. வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் பல வீடுகள் இந்த அறிவிப்புகளைத்தான் தங்கள் காப்பீடாக நினைத்துக்கொண்டிருக்கின்றன. “ஏதாவது ஒண்ணுன்னா கவர்மெண்டு குடுக்கும், முதலாளியும் குடுப்பாரு” என்பது அங்கே சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு.

அது காப்பீடு அல்ல. நிவாரணம் என்பது அரசு மனமுவந்து தருவது. இவ்வளவு வேண்டும், இந்தத் தேதிக்குள் வேண்டும் என்று கேட்க எந்தக் குடும்பத்துக்கும் சட்ட உரிமை கிடையாது. பத்துப் பேர் இறந்தால் அன்று மாலையே அறிவிப்பு வரும். ஒருவர் மட்டும் கருகி இறக்கும் விபத்து மாவட்டச் செய்திப் பக்கத்தோடு நின்றுபோவதும் உண்டு. விபத்தில் இறக்கும் பட்டாசுத் தொழிலாளர்களின் பிள்ளைகளது உயர்கல்விச் செலவை ஏற்பதாக 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்து, முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கியது நல்ல காரியம். ஆனால் கல்லூரிக்குப் போகும்வரை அந்தப் பிள்ளை சாப்பிட வேண்டும்.

4 லட்சம் எத்தனை நாள் வரும்? மாதம் 12,000 ரூபாயில் ஓடும் வீட்டுக்கு 33 மாதம். கடன் ஒரு ரூபாய்கூட இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கும் சரி. ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பிளஸ் டூ முடிப்பதற்குள் பணம் தீர்ந்துவிடும்.

சட்டம் தருவது இதைவிட அதிகம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, வேலையின்போது இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை அவருடைய வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரியிலிருந்து 15,000 ரூபாய். 40 வயதுக்கான காரணி 184.17. அந்த வயதில், அந்தச் சம்பளத்தில் இறந்தவருக்கு வர வேண்டியது 13,81,275 ரூபாய். 30 வயதுக்காரருக்கு 15,59,850. காயம்பட்டவரின் மருத்துவச் செலவையும் முதலாளியே தர வேண்டும். முகம் மிக மோசமாகச் சிதைந்துபோனால் அதை நூறு சதவீத ஊனம் என்றே சட்டத்தின் அட்டவணை வைத்திருக்கிறது. இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் அப்படியே 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன.

இன்னொன்றும் அந்த 1923 சட்டத்திலிருந்தே வருகிறது. அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் பேரம் பேசி, ஒரு காசோலையைக் கொடுத்து, முத்திரைத்தாளில் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று கையெழுத்து வாங்கும் வழக்கத்துக்கு அது இடம் தரவில்லை. இறப்புக்கான இழப்பீட்டை அரசின் இழப்பீட்டு ஆணையரிடம்தான் முதலாளி கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்த பணம், மூன்று மாதச் சம்பளம் அளவுக்கான முன்பணம் தவிர, இழப்பீடாகக் கணக்கில் வராது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய ஒப்பந்தம் செல்லாது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. தகுந்த காரணம் இல்லாவிட்டால் தொகையில் பாதி வரை அபராதம். பழைய சட்டம் வழக்குப் போடத் தந்த கெடு 2 ஆண்டு. காரியம் முடித்து, பதினாறாம் நாள் கழித்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமலே அந்தக் கெடுவைத் தவறவிடுவது எளிது.

இ.எஸ்.ஐ. இதைவிடவும் பெரியது என்பது அந்த வட்டாரத்திலேயே பலருக்குத் தெரியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு அது கட்டாயம். 15,000 ரூபாய் சம்பளக்காரரின் பங்கு 0.75 சதவீதம், அதாவது மாதம் 112 ரூபாய் 50 காசு. முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 காசு. வேலையில் விபத்து நேர்ந்து அவர் இறந்தால், சம்பளத்தில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதந்தோறும் வரும். ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மூவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 13,500 ரூபாய். மனைவிக்கு அவருடைய பங்கு ஆயுள் முழுக்க, அல்லது மறுமணம் வரை. மகனுக்கு 25 வயது வரை, மகளுக்குத் திருமணம் வரை. வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் பணம் போட்டு மாதம் 13,500 எடுக்க வேண்டுமானால் 23 லட்சம் ரூபாய் வேண்டும். 112 ரூபாய் 50 காசுக்கு இதைத் தரும் தனியார் பாலிசி கிடைப்பது அரிது. இந்த இ.எஸ்.ஐ. மாதத்தொகைக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உண்டு. இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு 1923 சட்டத்தின் இழப்பீடு தனியாக வராது, இரண்டில் ஒன்றுதான்.

சிக்கல் சட்டத்தில் இல்லை, ஆலையின் ஆள் பதிவேடான மஸ்டர் ரோலில் இருக்கிறது.

அச்சங்குளத்தில் ஒருவர் பெயரில் உரிமம் இருந்தது. அறைகள் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தன. வெடிபொருள் விதிகள் இதை அனுமதிப்பதில்லை. ஆனாலும் மத்திய வெடிபொருள் துறையின் நாக்பூர் உரிமமோ சென்னை உரிமமோ வைத்திருப்பவர் அறைகளை வாடகைக்கு விடுவதும், எடுத்தவர் தன் ஆட்களை இறக்குவதும், அறைக்குள் அளவுக்கு மேல் மருந்தும் ஆளும் சேர்வதும் அங்கே ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விசாரணையில் வரும் சங்கதிகள். அந்த ஆட்களின் பெயர் உரிமதாரரின் பதிவேட்டில் இருக்காது. குத்தகைக்காரரிடம் பதிவேடே இருக்காது. ஆலையின் பெயரில் குழு விபத்துக் காப்பீடு எடுத்திருந்தாலும் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன பட்டியலில் இல்லாத ஆளுக்கு அதில் ஒன்றும் கிடையாது. ஒப்பந்தக்காரர் வழியாக வேலை வாங்கினாலும் முதன்மை முதலாளிக்குப் பொறுப்பு உண்டு என்றுதான் சட்டம் சொல்கிறது. சந்தா கட்டாத முதலாளியிடமிருந்து வசூலித்துக்கொண்டு தொழிலாளிக்குப் பலன் தர இ.எஸ்.ஐ. கழகத்துக்கும் அதிகாரம் இருக்கிறது. ஆனால் இறந்தவர் அங்கே வேலை பார்த்தார் என்பதைக் குடும்பம் நிரூபிக்க வேண்டும். சாட்சி சொல்லக்கூடிய பக்கத்து அறைக்காரர்களும் சில நேரம் உயிரோடு இருக்க மாட்டார்கள்.

பெயர் இருந்தாலும் எந்தக் கூலி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பீஸ் ரேட்டில் வாரம் 3,500 ரூபாய் கையில் வாங்குபவருக்குப் பதிவேட்டில் மாதம் 8,000 என்று இருந்தால், பலன்கள் எல்லாம் அந்த 8,000 ரூபாயை வைத்துத்தான். சந்தா மிச்சம் என்று தொழிலாளியே இதற்குத் தலையாட்டுவதும் உண்டு.

இந்தப் பிரச்சினை நேற்று முளைத்ததல்ல. எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், சிவகாசித் தீப்பெட்டி ஆலைத் தொழிலாளர் ஒவ்வொருவரையும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்ய வேண்டும், அதற்கான பிரீமியத்தை முதலாளியே கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1990 அக்டோபரில் சொல்லிவிட்டது. அச்சங்குளம் விபத்தைத் தானாக முன்வந்து எடுத்த தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஓர் உயிருக்கு 20 லட்சம் என்று கணக்கிட்டது. காப்பீடு ஒழுங்காக இருந்திருந்தால் அந்தக் குடும்பங்களுக்குத் தீர்ப்பாயம் எதற்கு?

முதலிப்பட்டியில் இறந்த 38 பேரில் பலர் தொழிலாளிகளே அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தவர்கள். அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை, தொழிலாளர் இழப்பீடும் இல்லை. வெளியாட்களுக்காகவே 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. ஆனால் உயிரிழப்புக்கு அது நிர்ணயித்த தொகை நீண்ட காலம் 25,000 ரூபாயாகவே கிடந்தது. ஆலைக்குப் போகாதவர்களுக்கும் இந்த வட்டாரத்தில் சொந்தக் காப்பீடு தேவை என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

சொந்தக் காப்பீட்டில் மலிவானவை வங்கிக் கணக்கு வழியாகக் கிடைக்கும் இரண்டு மத்திய அரசுத் திட்டங்கள். சுரக்ஷா பீமா யோஜனாவுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஜீவன் ஜோதி பீமா யோஜனாவுக்கு 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம்; 50 வயதுக்குள் சேர வேண்டும், 55 வரை தொடரலாம். இரண்டும் சேர்த்து 456 ரூபாய்க்கு, ஆலை விபத்தில் இறந்தால் 4 லட்சம். மூன்று வங்கியில் கணக்கு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு முறைதான். மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்படும். ஜூன் 1இலிருந்து காப்பு தொடங்கும். பள்ளிக்கூடம் திறக்கப்போகும் அந்த வாரத்தில்தான் பல கணக்குகள் காலியாக இருக்கும். பிடிக்கப் பணம் இல்லாவிட்டால் காப்பு நின்றுவிடும். வீடு தேடி வந்து யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த 20 ரூபாய்த் திட்டம் எதற்குப் பணம் தராது என்பதைத்தான் பட்டாசுத் தொழிலாளி முதலில் படிக்க வேண்டும். இரு கண்ணோ, இரு கையோ, இரு காலோ, ஒரு கண்ணோடு ஒரு கையோ காலோ அடியோடு செயலிழந்தால் 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ மட்டும் செயலிழந்தால் 1 லட்சம். அவ்வளவுதான் பட்டியல். உடம்பில் 50 சதவீதம் வெந்து, கை கால் கண் எதுவும் அடியோடு செயலிழக்காமல் இருந்தால் ஒரு ரூபாயும் வராது. மருத்துவமனைச் செலவும் அதில் இல்லை.

மருந்து தீப்பிடிக்கும் விபத்தில் உயிர் பிழைப்பவர்கள் கையிழந்து வருவதைவிடத் தீக்காயத்தோடு வருவதே அதிகம். வெந்த தோல் ஆறும்போது இழுத்துக்கொள்கிறது. விரல்கள் மடங்கி நிற்கும், முழங்கை நீளாது, கழுத்து திரும்பாது. தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை ஒன்றோடு முடிவதில்லை. திரி செருகுவதும் குழாய் அடுக்குவதும் விரல் வேலை. அந்த விரல்தான் போய்விடுகிறது. கூடவே வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இறப்பில் ஒரு சம்பளம் நிற்கிறது, தீக்காயத்தில் ஒன்றரைச் சம்பளம் நின்று செலவும் ஏறுகிறது. குடும்பப் பணத்தைப் பொறுத்தவரை இதுதான் பெரிய ஆபத்து. இதற்குத்தான் ஆயத்தம் மிகக் குறைவு.

சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை வழி உண்டு. அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஆலைக்குப் போகும் வீடு அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் சாலை விபத்துக்கு மட்டும். படுத்துக் கிடக்கும் மாதங்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் தருவது மறுபடியும் இ.எஸ்.ஐ.தான். அது இல்லாதவர்கள் பார்க்க வேண்டியது, 2021 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த ‘சரல் சுரக்ஷா பீமா’ போன்ற தனிநபர் விபத்துப் பாலிசி. தொகை இரண்டரை லட்சத்தில் தொடங்குகிறது. தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கான பணம், விபத்து மருத்துவமனைச் செலவு, பிள்ளைகளின் படிப்புத் தொகை ஆகிய மூன்றும் அதில் தானாக வராது. கேட்டுச் சேர்க்க வேண்டும். ஏஜெண்ட் இதைச் சொல்லாமல் விட்டால் மலிவான பாலிசி போலத் தோன்றும்.

விண்ணப்பப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது? பட்டாசு என்றால் பிரீமியம் கூடும் அல்லது தள்ளிவிடுவார்கள் என்று ‘விவசாயம்’, ‘கூலி’ என்று எழுதிவிடுவது உண்டு. தனிநபர் விபத்துக் காப்பீட்டில் வெடிபொருள் வேலை, சுரங்கவேலைக்காரர்களோடு சேர்த்து ஆபத்து மிகுந்த மூன்றாம் வகை. விவசாயம் என்று எழுதியவர் மருந்து அறையில் இறந்தால், முதல் தகவல் அறிக்கையே அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆயுள் பாலிசியில் மூன்று ஆண்டு முடிந்துவிட்டால் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவுப்படி நிறுவனம் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. அதற்கு முன் கேட்கலாம். விபத்துப் பாலிசிக்கு அந்த மூன்று ஆண்டுப் பாதுகாப்பும் கிடையாது. படிவத்தை நிரப்பியது ஏஜெண்ட் என்றாலும் கையெழுத்து உங்களுடையது. வீட்டில் வைத்துத் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்கிறவர்கள் எந்தப் பாலிசியையும் நம்பி இருக்க வேண்டாம். சட்டத்தை மீறிய செயலால் வந்த விபத்து என்ற வாதம் நிறுவனத்தின் கையில் தயாராக இருக்கும்.

எவ்வளவுக்கு எடுப்பது? வீட்டுச் செலவு மாதம் 12,000, கடைசிப் பிள்ளைக்கு 8 வயது என்றால், அது 23 வயதாகும்வரை 15 ஆண்டுக்கு 21,60,000 ரூபாய். விலைவாசி ஏறும், போட்ட பணத்துக்கு வட்டியும் வரும். இரண்டையும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ளலாம். இதோடு ஆலையில் வாங்கிய முன்பணம், நகைக்கடன், மகளிர் குழுக் கடன் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். இ.எஸ்.ஐ. ஒழுங்காக இருந்தால் விபத்து மரணத்துக்கு இதில் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆனால் மாரடைப்பால் வரும் மரணத்துக்கு இ.எஸ்.ஐ. மாதத்தொகை தராது. மாதம் ஆயிரம் ரூபாய் கட்டி ‘முதிர்வில் பணம் வரும்’ பாலிசி வைத்திருப்பவர்கள் பத்திரத்தை எடுத்துக் காப்புத்தொகையைப் பார்க்கட்டும். பெரும்பாலும் இரண்டு, இரண்டரை லட்சம்தான் இருக்கும். அது சேமிப்பு, அதுவும் சுமாரான சேமிப்பு. குடும்பத்துக்கு வேண்டியது, இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி. தொழில், படிப்பு, ஊர் எதையும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 2021 ஜனவரியில் வந்தது ‘சரல் ஜீவன் பீமா’. 5 லட்சம் முதல் 25 லட்சம் வரை. இப்போது எந்த நிறுவனம் அதைத் தருகிறது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஏஜெண்ட் தானாக எடுத்து நீட்டமாட்டார், அவருக்குக் கமிஷன் குறைவு. தவணையை ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்து, தீபாவளி போனஸ் வரும் வாரத்தில் கட்டுவது நல்லது. மாதத் தவணை தவறினால் 15 நாள்தான் சலுகை. 2018இல் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்த உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த மாதிரி இன்னொரு பருவம் வந்தால் மாதத் தவணைப் பாலிசிகள்தான் முதலில் காலாவதியாகும்.

பாலிசி எடுத்த வீடுகளிலும் அது பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கிறது. பட்டாசு அறைகளில் வேலை பார்ப்பவர்களில் பெண்கள் நிறைய. அவர்கள் கூலி நின்றாலும் அடுப்பு பாதிதான் எரியும். கணவனும் மனைவியும் ஒரே ஆலைக்கு, சில சமயம் ஒரே அறைக்குப் போகிறார்கள். இவர் பாலிசிக்கு அவர் நாமினி, அவர் பாலிசிக்கு இவர் நாமினி. ஒரே வெடிப்பில் இருவரும் போனால், பத்து வயதுப் பிள்ளை தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றுக்கு நிற்கும். பிள்ளைகளையும் நாமினியாகச் சேர்த்து, அவர்கள் மைனர் என்பதால் பணத்தைப் பெற்று வைக்க ஆலைக்குப் போகாத ஒரு சித்தியையோ தாய்மாமனையோ பொறுப்பாளராக எழுதிவைக்கப் படிவத்தில் இடம் இருக்கிறது. பாலிசி எண்களை அவரிடமும் கொடுத்து வையுங்கள்.

இ.எஸ்.ஐ. பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, சந்தா கட்டப்படுகிறதா என்று கழகத்தின் இணையதளத்தில் பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எண் தராத இடத்தில் நாளுக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் அந்த வேலை வேண்டாம். வேறு வழியில்லாமல் போகத்தான் வேண்டும் என்றால், அறைக்குள் நுழைவதற்கு முன் வங்கிக்குப் போய் ஆளுக்கு 456 ரூபாய் கட்டிவிட்டுப் போங்கள்.